அமுக்கு, பிடி, விடு

வண்டியில் பிரேக்கைத் தவிர எல்லாம் முடிந்திருந்தது. துருப்பிடித்துப் பல்லிளித்த தரைத் தகடுகளை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்தாயிற்று. பிரித்த அன்று சேற்றுக் குழம்பாக இருந்த கியர் பெட்டியில், இப்போது விரலால் தள்ளினாலே கியர் விழுந்தது. பச்சை பெயின்டும் காய்ந்துவிட்டது. ஆனால் மெக்கானிக்கின் மனைவி இறந்ததிலிருந்து, நாலு சக்கரமும் இழுக்கும் அந்தப் பழைய காட்டுப்பாதை டிரக் வீட்டை ஒட்டிய ஷெட்டிலேயே நின்றது.

யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "பிரேக்ல ஏர் எடுக்கணும். அதுக்கு ரெண்டு பேர் வேணும்."

அது பொய்யில்லை. குழாய்க்குள் காற்று சிக்கியிருந்தால் பெடல் பஞ்சு மெத்தையாக அமுங்கும், வண்டி நிற்காது. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து, ஆயிலும் காற்றுமாக வருவதை டியூப் வழியாக பாட்டிலில் பிடிக்க வேண்டும். மேலே இருப்பவர் காலை எடுப்பதற்குள் நிப்பிளை மூடிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் காற்று வந்த வழியே திரும்பிப்போய் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். கீழே படுத்திருப்பவருக்கு மேலே இருப்பவரின் முகம் தெரியாது. குரல் மட்டும்தான்.

"அமுக்கு."

"ம்."

"பிடி."

"ம்."

"விடு."

"ம்."

கல்யாணமான புதிதில் மனைவி தொடங்கிய "ம்" அது. மற்ற மெக்கானிக்குகள் வந்து உட்கார்ந்தால் அவர் அளக்காமல் இருக்கமாட்டார். "எங்க வீட்டுக்காரி கால் மாதிரி ஒரு கால் உங்க யார்கிட்டயாவது இருக்கா? அவசரம் கிடையாது, தயக்கம் கிடையாது. கீழ படுத்திருக்கிற என் ஸ்பேனருக்கே தெரியும், மிதிக்கறது அவதான்னு."

அவள் உள்ளேயிருந்து சொல்வாள். "சமையலைப் பாராட்ட ஒரு நாள் வாயைத் திறந்ததில்ல. காலை மட்டும் பாராட்டறார்."

இப்போது வேறு யாரையும் அந்த சீட்டில் உட்காரவைக்க அவருக்கு மனம் வரவில்லை. வண்டியின் சொந்தக்காரர் ஒரு கால்நடை மருத்துவர். போனில் விசாரித்துப் பார்த்துவிட்டு நேரிலேயே வந்தார். துக்க வீடு என்பதால் வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

வெளியூரிலிருந்து மகள் வந்தது அப்பாவைக் கையோடு அழைத்துப்போக. "ஷெட்டை மூடிட்டு எங்கூட வந்துடுங்கப்பா" என்றாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்பதற்குக் காரணம் கிடைக்கவில்லை. வண்டியை ஓடவைக்க முடியும், நிறுத்த முடியாது என்று ஆகிவிட்டவனுக்கு ஷெட் எதற்கு? மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மகள் ஸ்பேனர்களை அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் டிரக்கின் முன்னால் வந்து நின்றாள்.

"இதை என்ன பண்ணப்போறீங்க?"

"டாக்டரைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போகச் சொல்றேன்."

"இவ்வளவு வேலை பார்த்துட்டு இழுத்துட்டுப் போறதா? கீழ படுங்க. நான் அமுக்கறேன்."

"உனக்கு வராது."

"பெடலை மிதிக்க டிகிரியா வேணும்? படுங்கப்பா."

வாயாடி அவளிடம் ஜெயிக்க முடியாது. ஒருமுறை மிதித்துக் கெடுத்துவிட்டால் தானே இறங்கிவிடுவாள் என்று நினைத்து அவர் பலகையில் படுத்து உள்ளே நகர்ந்தார். தூரத்துச் சக்கரம்தான் முதலில். டியூபைச் செருகி, நிப்பிளில் ஸ்பேனரை வைத்தார்.

"அமுக்கு."

"சரி."

"பிடி."

ஆயில் இறங்கியது. அவர் கை கொஞ்சம் நின்றது. அவசரமில்லாமல், தயங்காமல், ஒரே சீராக வந்து அழுத்தியது மேலே இருந்த கால். தெரிந்த அழுத்தம். நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்றார். மறுபடி, மறுபடி. பின் சக்கரங்கள் இரண்டும் முடிந்தன. முன் சக்கரத்துக்கு நகர்ந்தபோதுதான் கேட்டார்.

"எங்க கத்துக்கிட்ட?"



"இங்கதான்."

"இங்கன்னா? பிடி, விட்டுடாதே."

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அம்மாவுக்கு முழங்கால் போனதுக்கப்புறம் நான்தாம்ப்பா அமுக்கினேன்."

"அப்ப 'ம்' போட்டது?"

"அது அம்மா. பக்கத்து சீட்ல உட்கார்ந்து பூண்டு உரிச்சுக்கிட்டே போடுவாங்க."

"நீ ஊர்ல இல்லாதப்போ?"

"நான் வர்ற வரைக்கும் தள்ளிப்போடுவாங்க."

இன்னிக்கு வேண்டாம், நாளும் கிழமையுமா இருக்கு, வர்ற வாரம் பார்த்துக்கலாம் என்று மனைவி பிரேக் வேலைக்கு மட்டும் சாக்குச் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. அலுப்பு என்று நினைத்திருந்தார்.

"அந்த சிவப்பு வண்டி?"

"நான்."

"கதவே இல்லாம வந்துச்சே, ஒரு மொட்டை வண்டி?"

"அதுவும் நான்தான். அதை முடிச்சுட்டு அம்மா காலை என்னமா புகழ்ந்தீங்க! அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடிச்சாங்க. எனக்கு வயிறு எரிஞ்சது."

"விடு" என்றார்.

அவள் விட்டாள். பாட்டிலிலிருந்த ஆயில் டியூபில் சரசரவென்று ஏறி, அதன் பின்னாலேயே குமிழி குமிழியாகக் காற்றும் ஏறி உள்ளே போனது. அவர் நிப்பிளை மூடவே இல்லை.

"என்னப்பா சத்தம்?"

"காத்து உள்ள போயிடுச்சு. மூட மறந்துட்டேன்."

"நீங்களா?"

"நான்தான். இந்தச் சக்கரத்தை முதல்லேர்ந்து பார்க்கணும்."

உடனே தொடங்கவில்லை. கோபம் வருகிறதா என்று பார்த்தார், வரவில்லை. தன் ஸ்பேனருக்கே தெரியும் என்று ஊரெல்லாம் சொன்னதை நினைத்தபோது முகம் கூசியது. அந்த இருட்டில் அதைப் பார்க்க யாருமில்லை.

"ஏன் எங்கிட்ட மறைச்சா?"

"தெரிஞ்சா அன்னிக்கே ஷெட்டை மூடிடுவீங்களாம். 'அந்த மனுஷன் நாள் பூரா வீட்டுக்குள்ள உட்கார்ந்தா நான் எங்கடி போறது'ன்னாங்க."

கீழே அவர் சிரித்த சத்தம் இருமல் போலக் கேட்டது.

"அமுக்கு" என்றார்.

மதியத்துக்குள் முடிந்தது. டிரக்கைத் தெருவில் எடுத்து, முக்கு வரை விரட்டி, பெடலை மிதித்தார். பாதியிலேயே கல் மாதிரி நின்றது பெடல். வண்டியும் எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. மருத்துவருக்கு போன் செய்து, வந்து ஓட்டிக்கொண்டு போகலாம் என்றார். பிறகு ஷெட்டுக்குள் போய் அட்டைப்பெட்டியைத் திறந்து, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டத் தொடங்கினார்.

"அடுக்கினதை எதுக்குக் கலைக்கறீங்க?" என்றாள் மகள்.

"அடுத்த வண்டிக்கு வேணுமே."

"எங்கூட வர்றதா இருந்தீங்க."

"எப்ப சொன்னேன்?"

"சரி, யார் அமுக்குவா? என்னால எப்பவும் ஓடிவர முடியாது."

"உன் காலுக்கும் அவ காலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலையே. இன்னொரு கால் கிடைச்சாலும் தெரியாது."

மகள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "வாயை மூடிக்கிட்டு அமுக்கியிருக்கணும் நான்."

"ஆமா" என்றார் அவர்.

கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். காலமெல்லாம் மிதித்த மிஷினுக்குச் சமீபத்தில்தான் மோட்டார் வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, மறுபடியும் பேன்ட்டைக் கிழிச்சுக்கிட்டீங்களா?"

"இல்ல. உங்க கால் இப்ப சும்மாதானே இருக்கு? அதைக் கேட்கலாம்னு வந்தேன்."

தையல்காரர் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை.

"எந்தக் கால்?" என்றார்.