அரிசோனா எல்லையில் கடல்

“கடலா? அங்க ஏதுங்க கடல்? வர இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடுங்க!”

“ஐயோ ருக்கு, என் ஷூ சொதசொதன்னு நனைஞ்சிருக்கு. மோசஸ் பக்கத்துலதான் நிக்கறார், கேட்டுக்கோ.”

“ஆமா சிஸ்டர், கடல்தான். வாயில வச்சே பாத்துட்டேன், உப்பு கரிக்குது.”

“நல்ல ஜோடிப்பா நீங்க ரெண்டு பேரும்!”

இது கலிபோர்னியாவின் கடைசி ஊரான நீடில்ஸில், ஒரு கேஸ் ஸ்டேஷனில், ஸ்பீக்கர் போனில் நடந்தது. அந்தச் சனிக்கிழமை காலை கலிபோர்னியா தீவாகிவிட்டது. ஜம்புநாதனுக்கும் அவர் குடும்பத்துக்கும் அவரோடு காரில் வருகிறவருக்கும் மட்டும்தான். மற்ற வண்டிகள் அலைக்குள் இறங்கி, டயர் நனையாமல் அரிசோனாவுக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஜம்புநாதனுக்கு ஃப்ரீமான்ட்டில் வீடு, ஒரு சின்ன வரைபட கம்பெனியில் வேலை. போன வருடத் தெருக்களைத் திரையில் பார்த்து, வருடத்தை மட்டும் மாற்றி, ஓகே செய்வார். நேரில் போய்ப் பார்ப்பவர் அங்கே யாரும் இல்லை. ஹாலில் ஒரு பழைய ஆங்கிலேய வரைபடத்தின் நகலை மாட்டியிருந்தார். அதில் கலிபோர்னியா ஒரு தீவு. சாப்பிட வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார். நானூறு வருடம் முன்னால் லண்டன்காரர் ஒருவர் அப்படி வரைந்தார், அடுத்தவர் அதைப் பார்த்து வரைந்தார். யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை. அந்தக் காலத்தில் மேப்பை அச்சடிக்கச் செப்புத் தகட்டில் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்க வேண்டும். ஒரு தப்பை அழிக்க, பின்பக்கம் சுத்தியலால் தட்டிச் சமமாக்கி மறுபடி செதுக்க வேண்டும். யார் செய்வார்கள்? செதுக்கியவர் செத்தால் அவர் மனைவி தகட்டை விற்பாள். வாங்கியவர் பெயரையும் வருடத்தையும் மாற்றி அச்சடிப்பார். நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அது தீவு இல்லை என்று எழுதிய பிறகும், அது பல காலம் தீவாகவே இருந்தது.

மனைவி ருக்மிணி வேலை கிடைத்து, மகள் அஞ்சனாவோடு அரிசோனாவுக்கும் அப்பால் பிளானோவுக்குப் போய் ஆறு வருடம். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ஜம்புநாதன் அவளுக்கு, மேலே வருட எண் போட்டு, ஒரே மெசேஜை அனுப்பினார்: இந்த வருஷம் கண்டிப்பா அங்கேயே வந்துடறேன். பழையதைக் காப்பி செய்து வருடத்தை மட்டும் மாற்றுவார். ஏழாவது வருடம் அஞ்சனாவின் ஸ்கூல் கிராஜுவேஷன். “ஜஸ்ட் கம், அப்பா,” என்றாள். இந்தத் தடவை வராவிட்டால் இனிமேல் வரவே வேண்டாம் என்றாள் ருக்மிணி. அவர் நிஜமாகவே கிளம்பினார். வேலையை விட்டார், காரில் குக்கர் வரைக்கும் ஏற்றினார், மாற்றி மாற்றி ஓட்ட நண்பர் மோசஸைக் கூட்டிக்கொண்டார். அப்போதுதான் கடல்.

திரும்பி வந்து, ஞாயிறு அதிகாலை சான் ஹோசேயில் விமானம் ஏறினார். நாலு மணி நேரம் நீலத் தண்ணீர் மேல் பறந்து, விமானம் அவரை மறுபடி சான் ஹோசேயிலேயே இறக்கியது. கிராஜுவேஷனை போனில் பார்த்தார். ஹாலில் இருந்த வரைபடத்தைக் கிழித்தார். கடல் அப்படியே இருந்தது. கிழித்தது அச்சடித்த தாள்தான், தகடு வேறெங்கோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

மறுவருடம் அஞ்சனா அரிசோனா வரை ஓட்டிக்கொண்டு வந்தாள். இந்தக் கரையில் அப்பா, அந்தக் கரையில் மகள். எதிர்க்கரை தெரியவில்லை. “அப்பா, இட்ஸ் ரியலி தேர்,” என்றாள் போனில். அலைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. ருக்மிணி அதன் பிறகு சண்டை போடவில்லை. இந்த ஜனவரியில் முதல் மெசேஜ் அவளிடமிருந்து வந்தது: இந்த வருஷம் கண்டிப்பா பாக்கலாம். அவருடைய பழைய மெசேஜ் மாதிரியே, மேலே வருட எண் மட்டும் புதிது. அவர் சரி என்று போட்டார்.

ஃப்ரீமான்ட்டிலிருந்து பிளானோவுக்கு இந்த வருடம் யாராவது கார் ஓட்டிப் போயிருந்தால், தயவுசெய்து கீழே எழுதுங்கள். நீடில்ஸ் தாண்டி ரோடு இருக்கிறதா? ஜம்புநாதன் எல்லாப் பதிலையும் படிக்கிறார். நேரில் போனவர்கள் மட்டும் சொல்லுங்கள். மேப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டாம்.