நன்றி சொன்னால் போதும்

டாக்டர் பெத்தன்கூர் என் புருஷன் மில்டனிடம் சிகரெட்டை விடச் சொன்னாள். அவனும் விட்டான். விட்ட கையோடு இ-சிகரெட்டைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் புத்தி நன்றாக வேலை செய்யும்.

அவனுடைய இடது காலில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்தால் கால் பிழைக்கும். ஆனால் உடம்பில் நிகோடின் இருந்தால் புண் ஆறாது, அது நின்ற பிறகுதான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தாள். மில்டனின் நியாயம் வேறு. நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, புதினா வாசம் வருகிறது, இது எப்படிக் கணக்கில் வரும்? சிறுநீர்ப் பரிசோதனையில் வந்தது. ஆபரேஷன் தள்ளிப்போனது. கால் விரல் கறுத்துவிட்டால் வெட்டத்தான் வேண்டியிருக்கும் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகும், "இது வெறும் ஆவி, கிழவி. நெனச்சா நாளைக்கே விட்டுடுவேன்" என்றான்.

அவனுக்குத் துணையாக நானும் சிகரெட்டை விட்டிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, பாடாய்ப் பட்டேன். பூனையோடுகூடச் சண்டை போட்டேன். ஆனாலும் சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. விரலைச் சுட்டதும் கீழே போட்டுத்தான் ஆகவேண்டும். குளிரில் முற்றத்துக்குப் போய் நிற்க வேண்டும். இவன் கையில் இருந்ததற்கு முடிவே கிடையாது. குளியலறையில், சாப்பாட்டு மேசையில், தலையணைக்கு அடியில், எங்கும் அதுதான். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். என் தம்பி நெல்சன் இதைப் பிடித்துத்தான் சிகரெட்டை விட்டான், பிறகு இதையும் விட்டுவிட்டுக் கேக் தின்று தொப்பை வளர்க்கிறான். மில்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிகரெட் காலத்திலாவது ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே என்னோடு பேசுவான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கரையோரச் சாலையான ராம்ப்லாவுக்குப் போனோம். முன்பெல்லாம் தண்ணீரோரமாக அந்தச் சாலையின் கோடிவரை நடப்போம். இப்போது பஸ் நிறுத்தத்திலிருந்து கைப்பிடிச் சுவருக்கு வருவதற்குள் அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சுவரில் உட்கார்ந்து, அக்குளில் இடுக்கியிருந்த பிளாஸ்கைத் திறந்து, குடுவையில் இருந்த கசப்பான மாத்தே இலைத்தூளின் மேல் வெந்நீர் ஊற்றினான். ஊற்றுவது எப்போதும் அவன் வேலை. ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். அவன் குடித்து, மறுபடி நிரப்பி எனக்கு நீட்டுவான், நான் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

அன்றும் முதலில் குடித்தான். மத்தியானம் பார்த்த கால்பந்து ஆட்டத்தின் நடுவரைத் திட்டிக்கொண்டே நிரப்பினான். இடையிடையே கை சட்டைப்பைக்குப் போய்வந்தது. திட்டு நிற்காமலே என் பக்கம் கையை நீட்டினான். குடுவை அவன் முழங்கால்களுக்கு நடுவே இருந்தது. என் கைக்கு வந்தது இ-சிகரெட்.

புதினா வாசத்தில் எனக்கு எச்சில் ஊறியது, பொய் சொல்ல மாட்டேன். சிரிப்பும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். எதைக் கொடுத்தோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. சிரிப்பு போய்விட்டது.

"நன்றி," என்றேன்.

எங்கள் ஊரில் மாத்தே ஊற்றுகிறவரிடம் போகிறபோக்கில் நன்றி சொல்லிவிட முடியாது. சொன்னால், போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று பொருள். ஒரு வாய்கூடக் குடிக்காமல் நான் அதைச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. என்ன ஆயிற்று, கசக்கிறதா என்று திரும்பினான். என் கையைப் பார்த்தான், குடுவையைப் பார்த்தான். காதுவரை சிவந்துபோனான்.

"நீயும் இதுக்கு ஒரு தடவ நன்றி சொல்லேன், கிழவா," என்றேன்.

குடுவையை எடுத்துச் சுவரின்மேல் வைத்தான்.

"என்னால முடியல, தெல்மா. சிகரெட்ட விட்டப்பகூட இவ்ளோ பயமில்ல. இது கையில இல்லன்னா மூச்சே வராதோன்னு இருக்கு."

முடியவில்லை என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் அவனைக் கட்டிக்கொண்டேன். இதையே நாளைக்கு டாக்டரிடமும் சொல், மருந்து மாத்திரை ஏதாவது தருவாள், நானும் கூட வருகிறேன் என்றேன். தலையாட்டினான்.

"அத நீயே வெச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காத."

பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் பாதி வழிகூடப் போகவில்லை, கேட்டுவிட்டான். கொடுக்கவில்லை. கெஞ்சினான். ராட்சசி என்றான். செத்துப்போன என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினான். கால் வலிக்கும்போதெல்லாம் நின்றான், நானும் நின்றேன். திட்டு ஓயவே இல்லை. ஆனால் பிடித்த என் கையை அவன் விடவும் இல்லை.