மொழிபெயர்க்க வந்தவள்

பாரிசில் ரூ லூயி-பிளாங் தெருவில் குலசேகரத்தின் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்கள் கொத்துரொட்டி என்று கேட்பதில்லை. "கோசலையின்ரை கையாலை ஒண்டு" என்றுதான் கேட்பார்கள். கோசலைக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. முல்லைத்தீவுக்காரி. புருசனைக் கடைசிச் சண்டையில் இழந்தவள். பாரிசுக்கு வந்து ஆறு வருடத்தில் தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு அந்த ஒரு பேர்தான் இருந்தது.

கொஞ்சக் காலமாக உடம்பு சரியில்லை. முதலில் இடுப்பைச் சுற்றி அக்கி போட்டது. பிறகு வாய்க்குள் வெள்ளை படர்ந்தது. சட்டைகள் தொளதொளத்தன. கடையில் கோப்பை கழுவும் கொங்கோக்காரி இம்மாகுலேற் தன்னுடைய டொக்டரிடம் அவளைக் கூட்டிப்போனாள். அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, வேலை கூடிப்போச்சு, நித்திரை காணாது என்று வைட்டமின் எழுதினார். அடுத்த முறையும் அதுவே. அதற்கடுத்த முறை அக்கிக்கு ஒரு களிம்பு. இப்படியே இரண்டு வருடம் ஓடிற்று.

கடைசியில் ஒரு நாள் சமைத்துக்கொண்டிருக்கையில் மூச்சு முட்டிக் குசினிக்குள்ளேயே விழுந்தாள். ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். இரத்தத்தில் வேறெதையோ தேடுவதாகவும் சொன்னார்கள்.

முடிவு சொல்ல வந்த ஜெர்மேன் என்ற பெண் டொக்டர், போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுக்கட்டுமா என்று சைகையால் கேட்டார். கோசலை தலையாட்டி மறுத்தாள். முன்பின் தெரியாத ஆள் என்றால் கதை வெளியில் போய்விடும் என்று பயம். தங்கேஸ்வரி அக்கா வரட்டும் என்றாள்.

தங்கேஸ்வரி பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருப்பவள். பிரான்சுக்கு வந்து கனகாலம். விசாப் பதிகிற பிரெபெக்ச்சூர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஊர்ச்சனத்துக்காக எங்கும் போய்ப் பிரெஞ்சு கதைப்பாள். கோசலையின் அகதி விண்ணப்பத்துக்கும் அவள்தான் துணை. தன் புருசனின் மச்சான் குலசேகரத்திடம் சொல்லி வேலை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

ஆஸ்பத்திரிக்கு வந்து டொக்டர் சொன்னதைக் கேட்டதும் தங்கேஸ்வரியின் முகம் வெளிறியது.

"என்னக்கா?"

"எய்ட்ஸ் கிருமியாம்." அந்த அறையில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

டொக்டர் கோசலையின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சொன்னார். தங்கேஸ்வரி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். சாக மாட்டாய். நாளுக்கு ஒரு குளிசை. ஒழுங்காகப் போட்டால் கிருமி அடங்கிவிடும், பிறகு ஒருத்தருக்கும் தொற்றாது. கோப்பையாலோ, சமைக்கிற சாப்பாட்டாலோ எப்போதுமே பரவாது.

எப்படி வந்திருக்கும் என்று டொக்டர் கேட்டபோது, யாரிடமும் சொல்லாததைக் கோசலை சொன்னாள். வந்த புதிதில் விசாப் பேப்பரும் இல்லை, படுக்க இடமும் இல்லை. நகரத்துக்கு வெளியே பியர்ஃபித்தில் ஒருவன் அறை கொடுத்தான். கொடுத்தவன் கதவைத் தட்டியபோது திறக்காமல் விட முடியவில்லை. திறக்காவிட்டால் தெருதான். தங்கேஸ்வரி கண்ணைத் துடைத்துத் துடைத்து அதைப் பிரெஞ்சில் சொன்னாள்.

"இந்த நாட்டுக்கு வந்தபிறகு இப்படித் தொற்றிக்கொண்ட பல பெண்கள் என்னிடம் வருகிறார்கள்" என்றார் டொக்டர். "பிழை உங்களுடையது இல்லை. ஆனால் அக்கி வந்தபோதே ஒருவரும் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லவில்லையா?"

"ஒருத்தரும் இல்லை" என்றாள் கோசலை.

வாசலில் தங்கேஸ்வரி அவளைக் கட்டிப்பிடித்தாள். "மாணிக்கப் பிள்ளையார் அறிய, என்ரை வாயிலையிருந்து ஒரு சொல் வெளியிலை வராது."

உடம்பு தேறிக் கோசலை வேலைக்குத் திரும்பிய காலையில் குலசேகரம் கல்லாவை விட்டு எழுந்து வந்து குசினி வாசலை மறித்தார்.

"நீர் கொஞ்ச நாள் வீட்டிலை நில்லும்."

"எனக்கு இப்ப சுகம், அண்ணை."

"என்ன சுகம் எண்டு எனக்குத் தெரியும். இது சனம் சாப்பிடுற இடம்." குரலை இறக்கினார். "பியர்ஃபித் கதையும் தெரியும்."

பியர்ஃபித் என்ற சொல்லைக் கோசலை சொன்னது ஒரேயொரு இடத்தில், அந்த ஆஸ்பத்திரி அறையில். மேசை துடைத்துக்கொண்டிருந்த லக்சிகா, பரிமாறுகிற பிள்ளை, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். குப்பைக் கூடையில் கோசலை தேத்தண்ணி குடிக்கிற கப் கிடந்தது.

ஈரக் கையோடு அவள் பின்னால் ஓடி வந்தது இம்மாகுலேற்தான். இருவரும் கால்வாய்க் கரை மர வாங்கில் இருந்தார்கள். தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கோசலை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

இம்மாகுலேற் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். "நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே உன் முதலாளி எனக்குத் தனிக் கப் தந்தார்" என்றாள். "ஏன் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

கோசலை குனிந்துகொண்டாள். தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"உனக்கு வைட்டமின் எழுதிய அந்த டொக்டர் எனக்கு எத்தனை தரம் இந்தச் சோதனை எழுதினார் தெரியுமா? இடுப்பு வலி என்று போனாலும் எழுதுவார். எனக்கு இல்லை. என் அக்காவுக்கு இருக்கிறது. அவளுக்கும் ஒருவன் படுக்க இடம் கொடுத்தான், உனக்குப் போலத்தான். எங்கள் ஆட்களுக்கு இந்த நோய் கூடுதல் என்கிறார்கள். கூடுதல்தான். எதனால் கூடுதல் என்று கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்து எழுதினார். உன் முகத்தைப் பார்த்து எழுதாமல் விட்டார்."

கோசலை அங்கிருந்து நேரே லெ பிளாங்-மெனிலுக்குப் போனாள். கதவைத் திறந்த தங்கேஸ்வரி உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அக்கா, பியர்ஃபித் கதை அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் ஊரெல்லாம் சொல்லேல்லை. அவருக்கு மட்டும்தான் சொன்னனான். சாப்பாட்டு விசயம், கோசலை. நாளைக்கு ஆருக்கும் ஒண்டு எண்டால், உன்னைக் கொண்டுபோய் விட்ட என்னையெல்லோ கேப்பினம்."

"சாப்பாட்டாலை பரவாது எண்டு உங்கடை வாயாலைதானே எனக்குச் சொன்னனீங்கள்?"

"டொக்டர் சொன்னதைச் சொன்னனான். நான் நம்பினனான் எண்டு சொன்னனானோ?"

"அப்ப நீங்கள் அழுதது?"

தங்கேஸ்வரி படிக்கட்டைப் பார்த்தாள், யாரும் வருகிறார்களா என்று. "இது எங்கடை சனத்துக்கு வாற வருத்தமே? அவன்ரை அறைக்குப் போனது நீதானே."

கோசலை போகத் திரும்பினாள். பிறகு நின்று மெல்லச் சொன்னாள்.

"அவனே பரவாயில்லை, அக்கா. அவன் எனக்குச் சத்தியம் ஒண்டும் பண்ணேல்லை."

லிஃப்டுக்குக் காத்திராமல் படியால் இறங்கினாள். இரண்டாம் மாடிப் படியில் குந்தி அழுதாள். பியர்ஃபித்தை விட்டு வந்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை.

இம்மாகுலேற், நோயாளிகளுக்கு உதவுகிற ஒரு சங்கத்து வக்கீலிடம் அவளைக் கொண்டுபோனாள். நோயைக் காட்டி வேலையை விட்டு நிறுத்த முடியாது என்று வக்கீல் எழுதியதும், கூட்டித் துடைக்க வரலாம், சமைக்க வேண்டாம் என்று குலசேகரம் சொல்லியனுப்பினார். கோசலை போகவில்லை. வேலைக்காகப் போட்ட வழக்கு இன்னும் இழுபடுகிறது. வைட்டமின் எழுதிய டொக்டரிடமும் போய் ஏன் என்று கேட்டாள். "ஸ்ரீலங்கா ஆட்களில் எனக்கு அது தோன்றவில்லை" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

இப்போது நகரத்தின் மற்றக் கோடியில் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் வேலை. இரத்தத்தில் கிருமி தெரியவில்லை என்கிறார் டொக்டர் ஜெர்மேன். தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பல் பக்கம் மரக்கறி வாங்கவும் அவள் போவதில்லை.

போன கிழமை லக்சிகா போன் எடுத்தாள். "அக்கா, அந்தச் சோதனை எங்கை செய்யிறது?" என்றாள். பிறகு, "தனியப் போகப் பயமாக் கிடக்கு. கூட வருவீங்களோ?"

கோசலை போனாள். சோதனை நிலைய வாசலில் லக்சிகா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"நான் வெளியிலை நிக்கிறன்" என்றாள் கோசலை. "என்ன முடிவு எண்டாலும் எனக்குச் சொல்லாதை. ஒருத்தருக்கும் சொல்லாதை, பிள்ளை."

கதவு சாத்திக்கொண்டது. கோசலை சுவரோரமாகக் காத்து நின்றாள்.