சுகம் என்று எழுதிய காதுகள்

எனக்குக் காது அரிக்கும். இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத விஷயம் இது. வலது காதில், மடலைத் தைத்த இடத்துக்குப் பின்னால், ஒரு கட்டி வளர்ந்து கொட்டைப்பாக்கு அளவில் நிற்கிறது. வலி கிடையாது, அரிப்புதான். ஜெபத்தில் முழங்கால் போட்டிருக்கும்போது அரிக்கும். புண்ணுக்குக் கட்டுப் போடும்போது அரிக்கும். யாராவது என் முகத்தைப் பார்த்துப் பேசினால் கண்டிப்பாக அரிக்கும். சொறிந்தால் முக்காடு விலகிவிடும். அதனால் நான் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன். பாத்திரத்தைத் துடைப்பேன், துணியை மடிப்பேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பேன். சந்தனமேரி சுறுசுறுப்பானவள் என்று ஆஸ்பத்திரியில் எனக்கு நல்ல பெயர். முக்காடு நழுவாததால் பக்தி உள்ளவள் என்றும் பெயர். இரண்டையும் அந்தக் கட்டிதான் எனக்கு வாங்கிக் கொடுத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்களுக்கென்று இருந்த சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் கட்டுப்போடுகிறவள். எனக்கு மேலே ஒரே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சிறு வயதிலேயே காது குத்தி, துளையை விரிக்கக் குதம்பையும் ஈயக் குண்டும் போட்டு, தோள்வரை காதை வளர்த்துப் பாம்படம் மாட்டுவார்கள். கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தால் பாம்படத்தைக் கழற்ற வேண்டும். கழற்றினால் காது வெறும் தோல் வளையமாகத் தொங்கும். அதை வெட்டி, குதிரை மயிரால் தைத்து, சின்ன மடலாக்கிவிடுவதில் டாக்டரம்மா கைதேர்ந்தவர். வந்த வேகத்தில் என் காதைத்தான் முதலில் தைத்தார்.

அதைப் பற்றி மதராஸ் வைத்தியப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரையும் எழுதிக்கொண்டிருந்தார். குதிரை மயிரால் தைத்தால் தழும்பு கட்டியாக வளராது என்பது அவர் கட்சி. அதற்கு ஆதாரம் என் நோட்டு. ஒவ்வொரு காதின் மேலும் கண்ணாடிச் சில்லை வைத்து, எண்ணெய்க் காகிதத்தில் அதன் உருவத்தை வரைவேன். நூலால் நீளம் எடுப்பேன். மூன்று மாதம் கழித்துக் கட்டியோடு வந்தால் கடைசிப் பத்தியில் 'கட்டி' என்று எழுதுவேன். வராவிட்டால் 'சுகம்'. சுகமானவர்கள் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்? நூற்று நாற்பத்துமூன்று பெண்களில் ஆறு பேருக்குத்தான் கட்டி. முதல் பக்கம், முதல் வரி: சந்தனமேரி, வயது இருபத்துநாலு, சுகம். எழுதியது நான்தான்.

என் தங்கை அன்னாளுக்கு ஒரு வாத்தியார் மாப்பிள்ளை கிடைத்தார். காது தைத்து ஆறினபிறகு சபைக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கலாம் என்று மாப்பிள்ளையின் தகப்பனார், ஓர் உபதேசியார், கடுதாசி போட்டிருந்தார். வேதத்தில் சேர்ந்தும் பாம்படத்தைக் கழற்றாமலே இருந்த அன்னாள் வத்திராயிருப்பிலிருந்து வந்து என்னோடு தங்கினாள். வெள்ளிக்கிழமை காலை அவளுக்குத் தையல். அதற்கு முந்தின நாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ராஜபாளையத்துக்குப் போய், ஒரு வருஷத்துக்கு முன் தைத்த காதுகளை வரைந்து வா. பத்துப் பேர் போதும். நாளை மறுநாள் கட்டுரையைத் தபாலில் சேர்க்க வேண்டும்" என்றார். அவர் புத்தகத்தில் படித்த தமிழ் அப்படித்தான் இருக்கும்.

பீர் மைதீனின் மாட்டுவண்டியில் போய் இறங்கினேன். முதல் வீடு செல்லக்கனியுடையது. அவளுக்கும் அவள் மகளுக்கும் ஒரே நாளில் தைத்தது. வாசலில் உட்கார்ந்து பருத்தியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்தாள். அந்த இழுப்பு எனக்குத் தெரியாதா? தினமும் நூறு தடவை நான் இழுக்கிற இழுப்பு.

"முக்காட்ட எடு" என்றேன்.

"எதுக்கு? அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

நானே விலக்கினேன். இரண்டு காதிலும் கட்டி, ஒன்று புளியங்கொட்டை, மற்றது எலுமிச்சங்காய். உள்ளே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவளுக்கும் அப்படியே.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, வந்து காட்ட வேண்டியதுதான? ஒனக்கு என்ன கேடு?"

செல்லக்கனி பருத்தியைக் கீழே வைக்கவில்லை. "காட்டி? அவிய எம்புட்டுப் பிரயாசைப்பட்டுத் தைச்சாவ. வீடு வரைக்கும் மருந்து குடுத்து விட்டாவ. இதப் போயி நீட்டுனா அவிய மொகம் வாடிப் போவாதா? நல்லது செஞ்சவியள சங்கடப்படுத்தலாமா, சொல்லு."

நான் என் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். என்னுடைய நியாயமும் அதேதான். அதோடு எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் ஒன்று கூடுதல், அவ்வளவுதான்.

மற்ற எட்டுப் பேரையும் தேடிப் பிடித்தேன். தெருத்தெருவாக ஓட்டம்தான். ஓரிடத்தில் மோர் கொடுத்தார்கள், நின்றபடியே குடித்தேன். அக்காளும் தங்கையுமாக இருவருக்குக் கட்டி. தனியாக இன்னொருத்திக்கு. பத்தில் ஐந்து. ஐந்தும் என் நோட்டில் சுகம். எண்ணிக்கைகூட என்னைப் பெரிதாக உலுக்கவில்லை. தாய்க்கு வந்தால் மகளுக்கு, அக்காளுக்கு வந்தால் தங்கைக்கு என்று அது வீட்டோடு வருகிறது. மறுநாள் காலை கத்திக்குக் கீழே உட்காரப்போகிறவள் யாருடைய தங்கை?

திரும்பி வரும்போது வண்டியில் உட்கார முடியவில்லை. காது தீயாக அரித்தது. "செத்த வேகமா ஓட்டுங்க" என்று நான் சொன்னது எத்தனையாவது தடவையோ.

"மாடு பறக்குமாம்மா? அந்தா கோபுரம் தெரியிது பாருங்க" என்றார் பீர் மைதீன். தெரிந்த கோபுரம் கிட்டத்தில் வருவேனா என்றது.

சொன்னால் அன்னாளின் கல்யாணம் தட்டிப் போகலாம். என் வேலை போகலாம். டாக்டரம்மாவின் இத்தனை வருஷத்து உழைப்பு போவது நிச்சயம். சொல்லாவிட்டால் என் தங்கை ஆயுசுக்கும் முக்காட்டை இழுத்துக்கொண்டு அலைவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நான் விடியும்வரை யோசித்தேன்.

காலையில் அன்னாள் பாம்படங்களைக் கழற்றித் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு மேசையருகே உட்கார்ந்தாள். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். வழக்கம்போல நான் கண்ணாடிச் சில்லை அவள் காதில் வைத்தேன். பென்சிலை எடுத்தேன். கோடு இழுக்காமல் கீழே வைத்தேன்.

"டாக்டரம்மா, இவளுக்குத் தைக்க வேண்டாம்" என்றேன்.

அவர் திரும்பினார். நான் முக்காட்டை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காட்டினேன். தண்ணீர் சொட்டும் கையோடு கிட்டே வந்து பார்த்தார்.

"எத்தனை நாளாக?"

"ரெண்டு வருஷமா."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"ஒங்க மொகம் வாடிப் போவும்னு."

அவர் முகம் வாடித்தான் போனது. கண்ணெதிரே பார்த்தேன். இரண்டு வருஷம் நான் பயந்தது இதற்குத்தான், பார்த்த பிறகும் உயிரோடுதான் இருந்தேன். பிறகு ராஜபாளையத்துப் பத்துப் பேரையும் சொன்னேன். தாய், மகள், அக்காள், தங்கை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் மேசைமேல் தபாலுக்குக் கட்டி வைத்திருந்த கட்டுரையை எடுத்து அலமாரிக்குள் போட்டார்.

"உட்கார்" என்றார். என் கையிலிருந்த கண்ணாடிச் சில்லை வாங்கி என் காதில் வைத்து, எண்ணெய்க் காகிதத்தை விரித்து, அவரே வரைந்தார். வரைந்து முடித்து நோட்டை என் முன்னால் தள்ளினார். "நீ எழுதியது. நீயே அடி."

முதல் பக்கம், முதல் வரியில் சுகத்தை அடித்தேன். பிறகு அந்த ஐந்தையும் அடித்தேன்.

"மற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை வண்டி சொல். நானும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அறையைவிட்டுப் போனார். நடையில் கோபம் இருந்தது. அது என் மேலா, அவர் மேலேயேயா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்னாள் மடியில் இருந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவளை ஏறிட்டுப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"மாப்ள வீட்டுக்கு என்ன சொல்ல?" என்றேன்.

"இந்தக் காதோட கட்டுறதுன்னா கட்டட்டும். இல்லன்னா அவியளுக்கு வேற காது கெடைக்கும்." முடிச்சை மேசைமேல் வைத்தாள். எழுந்து வந்து என் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "கூடவே படுத்திருக்கேன், எங்கிட்டகூடச் சொல்லலியேக்கா. வலிக்குதா?"

"இல்ல. அரிக்கும்."

அன்னாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நகத்தால் மெல்ல, கட்டியைச் சுற்றிச் சொறிந்துவிட்டாள். துடைக்க வேண்டிய கிண்ணம் எதிரே இருந்தது. மடிக்க வேண்டிய துணியும் கிடந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.