பதினேழாம் எண் வீடியோ

அந்த ஆஸ்பத்திரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘மின்னல்’. கல் சேர்ந்த பித்தப்பையை எடுக்க மற்ற சர்ஜன்களுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். அவர் இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருப்பார். பத்தொன்பது வருடங்களாக அப்படித்தான். அந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பிடிக்கவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அதே கட்டிடத்தின் நான்காவது மாடியில், ஜன்னல் சரியாகச் சாத்தாத ஓர் அறையில், ஆய்வுப் பிரிவு இருந்தது. அங்கே இருந்த ஒருங்கிணைப்பாளர் முன்பு அவரோடு ஆறு வருடம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக நின்றவள். முதுகுவலி வந்து நெடுநேரம் நிற்க முடியாமல் போனதும் இந்த நாற்காலி வேலைக்கு மாறியிருந்தாள். கத்தியும் கத்தரியும் எடுத்துக்கொடுத்த கை இப்போது பட்டியல்களையும் கோப்புகளையும் எடுத்துக்கொடுத்தது. ஒன்று மாறினாலும் வினைதான் என்பதில் இரண்டு வேலைக்கும் வித்தியாசம் இல்லை என்பாள்.

அந்த வருடம் பேராசிரியை ஒருவர் நடத்திய ஆய்வு அவள் பொறுப்பில் இருந்தது. ஐந்து ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த பதினான்கு சர்ஜன்கள், ஆளுக்கு மூன்று பித்தப்பை ஆபரேஷன்களின் வீடியோவைத் தர வேண்டும். வயிற்றுக்குள் போகும் கேமரா எடுத்த படம் என்பதால் முகம் தெரியாது, குரலையும் நீக்கிவிடுவார்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் பெயருக்குப் பதில் ஒரு எண். ஒவ்வொரு சர்ஜனும் தன் இடத்தில் இருந்தபடியே மற்றவர்களின் வீடியோக்கள் எட்டைப் பார்த்து, ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கருத்தும் எழுத வேண்டும். எழுதியவர் யார் என்று தெரியாமல் கருத்துகள் மட்டும் உரியவருக்குப் போகும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் வீடியோ. நேரில் சந்திக்காமல், தூரத்திலிருந்தே ஒருவர் கை இன்னொருவரால் திருந்துமா என்பதுதான் கேள்வி.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மின்னல் டாக்டர் படியேறி அவள் அறைக்கே வந்துவிட்டார்.

“பதினேழாம் நம்பர் யாரு?”

“அத சொல்லக் கூடாது சார்.”

“உங்களுக்குத் தெரியும்ல?”

“பட்டியல் என்கிட்டதான் இருக்கு. ஆனா காரணமில்லாம நான் தொறக்கக் கூடாது.”

“காரணம் நான் தர்றேன்.” அவர் நாற்காலியில் உட்காரவில்லை. “கை நல்ல கை. அதுல குறை இல்ல. ஆனா அப்படி என்ன அவசரம்? பஸ்ஸுக்கு நேரமாச்சா? ரெண்டு குழாயும் பிரிஞ்சு தெரியறதுக்கு முன்னாடியே கிளிப்ப போட்டுடறாரு. அந்த நோயாளி தப்பிச்சது அவங்க அதிர்ஷ்டம். இவருகிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசணும். திட்ட மாட்டேன்.”

அவர் சொன்னது அவளுக்குப் புரிந்தது. பித்தப்பையோடு சேர்த்து வெட்டவேண்டியது ஒரு சிறு குழாய். அதை ஒட்டியே ஈரலிலிருந்து வரும் பெரிய குழாய் ஓடுகிறது. சின்னது என்று நினைத்துப் பெரியதை வெட்டிவிட்டால் நோயாளி வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரியும் கையுமாக அலைய வேண்டியதுதான். அதனால்தான் சுற்றியிருக்கும் கொழுப்பை விலக்கி, எது எது என்று கண்ணால் பார்த்த பிறகே கிளிப் போட்டு அடைத்து வெட்ட வேண்டும் என்பது விதி.

அவர் போன பிறகு அவருடைய படிவத்தைப் பார்த்தாள். ஐந்துக்கு இரண்டு. கீழே, ‘நோயாளிக்கு ஆபத்தாக முடியலாம்’ என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தார். அந்தக் குறி விழுந்தால் ஒருங்கிணைப்பாளர் பட்டியலைத் திறந்து, பேராசிரியையிடம் தெரிவிக்க வேண்டும். திறந்தாள்.

பதினேழாம் எண்ணுக்கு நேரே இருந்தது அவருடைய பெயர்தான்.

சனிக்கிழமைகளில் அவர் வேறொரு சிறிய ஆஸ்பத்திரியிலும் ஆபரேஷன் செய்வார். மூன்றாவது வீடியோ அங்கிருந்து வந்திருந்தது. இங்கே அவர் பெயருக்கு முன்னால் இருந்த முதலெழுத்து அங்கே பெயருக்குப் பின்னால் இருந்தது. கம்ப்யூட்டர் இரண்டையும் இரண்டு ஆட்களாக எடுத்துக்கொண்டு, அவருடையதை அவருக்கே அனுப்பிவிட்டது. அனுப்புமுன் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியவள் அவள். வீடியோக்களின் மொத்த எண்ணிக்கை சரியாக இருந்ததால் விட்டுவிட்டாள். மாதத்துக்கு முப்பது பித்தப்பை எடுப்பவருக்கு, நான்கு மாதத்துக்கு முன் எடுத்த ஒன்று எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

மறுநாள் காலையில் சாப்பாட்டு டப்பாக்களை அடுக்கும்போது கணவனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். சீருடைச் சட்டையின் மேல்பொத்தானைத் தேடிக்கொண்டே கேட்டார்.

“அவரு பேர சொல்லாம, உன் தப்ப மட்டும் சொல்ல முடியாதா?”

“ரெண்டும் ஒண்ணுதாங்க.”

“அப்ப சொல்லிடு. நீ சொல்லலன்னா உனக்குத் தூக்கம் வராது. உனக்கு வரலன்னா எனக்கும் வராது. நான் தூங்காம போய் லிஃப்ட்ட கைவெச்சா ஊருக்கே நல்லதில்ல.”

அவள் சிரித்தாள். ஆனாலும் டப்பா மூடியை இரண்டு தரம் தவறாகப் பொருத்தினாள்.

பேராசிரியை முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். அதிர்ந்து பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

“அந்த மதிப்பெண்ண கணக்குலேருந்து எடுத்துடணும். நெறிமுறைக் குழுவுக்கு இன்னிக்கே எழுதுங்க, யார் தப்புன்னும் சேத்து.”

“எழுதிடறேன் மேடம். சாருக்கு?”

“அவருக்கும் தெரியணும். ஏமாத்திட்டோம்னு நெனைக்கக் கூடாது. நான் வரட்டுமா?”

“வேண்டாம் மேடம். நானே போறேன். அவருகூட நின்னவ நான்.”

வெளிநோயாளிகள் எல்லோரும் போன பிறகு, மதியம் இரண்டரைக்கு அவர் அறைக் கதவைத் தட்டினாள். மேசையில் லேப்டாப்பும் ஆறிப்போன தேநீரும் இருந்தன.

“வாங்க வாங்க. பேரோட வந்திருக்கீங்களா?”

“ஆமா சார்.”

“யாரு?”

“நீங்கதான் சார்.”

முதலில் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: முதலெழுத்து, சனிக்கிழமை ஆஸ்பத்திரி, தான் சரிபார்க்காமல் விட்டது. அவர் கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க,” என்றார் கடைசியில். “போடுங்க அத. நீங்களும் உக்காருங்க, முதுகு வலிக்கப் போகுது.”

இருவரும் பார்த்தார்கள். இருபத்தோரு நிமிட வீடியோ. ஒன்பதாவது நிமிடத்தில் அவரே கையை நீட்டி நிறுத்தினார். திரையில் மஞ்சள் கொழுப்புக்கு நடுவே ஒரு குழாய் பாதி தெரிந்தது. கிளிப் போடும் கருவி அதை நெருங்கி வாயைத் திறந்திருந்தது.

“இங்க. இங்க எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா தெரிஞ்ச மாதிரி போறேன், பாருங்க.” திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார். “ஆறு வருஷம் என் பக்கத்துல நின்னீங்க. இத அப்பவும் பாத்திருக்கீங்களா?”

“பாத்திருக்கேன் சார்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா சார்?”

அந்த அறையில் இப்படிப் பேசுவாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அவர் அந்தக் கேள்வியை ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைப் படிப்பதுபோல் நிதானமாக எடுத்துக்கொண்டார்.

“கேட்டிருக்க மாட்டேன்,” என்றார்.

அன்று சாயங்காலமே சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அந்த நோயாளி யார் என்று தேடிப்பிடித்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அம்மா. அவரே கூப்பிட்டு விசாரித்தார். “ஒரு குறையும் இல்ல டாக்டர், ஏன் கேக்கறீங்க? ஏதாவது உள்ள வெச்சு மறந்துட்டீங்களா?” என்று அந்த அம்மா கேட்டாராம். சும்மா விசாரிக்கத்தான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்ததாக அவரே பிறகு ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்க முயன்றார். சரியாக வரவில்லை.

தான் போட்ட இரண்டு மதிப்பெண்ணை நீக்கக் கூடாது என்று பேராசிரியையிடம் வாதாடிப் பார்த்தார். “நான் நேர்மையா போட்டது. அதவிட நேர்மையா இந்த ஆய்வுல வேற எதுவும் இருக்காது.” பேராசிரியை அசையவில்லை. ஒருவர் தனக்கே மதிப்பெண் போட்டால் அது வேறு ஆய்வு என்றார். “ஒரு மதிப்பீடு தவறுதலாக அதே சர்ஜனுக்குச் சென்றதால் நீக்கப்பட்டது” என்று கட்டுரையில் ஒரு வரி மட்டும் வரும். ஒருங்கிணைப்பாளருக்கு நெறிமுறைக் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனி பட்டியலை இரண்டு பேர் பார்க்க வேண்டும், அவள் ஒருத்தி பார்த்தால் போதாது. அதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. ஆனால் நியாயம் என்றும் தோன்றியது.

அதற்குப் பிறகு தியேட்டரில் சின்ன மாற்றம் தெரிந்தது. கிளிப் போடுமுன் அவர் கருவியை நிறுத்தி, எதிரே நிற்பவரிடம், “உங்களுக்குத் தெரியுதா? என்ன தெரியுதுன்னு சொல்லுங்க,” என்று கேட்க ஆரம்பித்தார். சொல்லும்வரை காத்திருந்தார். இருபத்திரண்டு நிமிடம் முப்பத்தைந்தாயிற்று. நாளொன்றுக்கு ஒரு ஆபரேஷன் குறைந்தது. அட்டவணை போடும் குமாஸ்தா முணுமுணுத்தார். மயக்க மருந்து டாக்டர், “மின்னலுக்கு மேகமூட்டம்,” என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். மின்னலுக்கும் இது எளிதாக இல்லை. காத்திருக்கும் சில விநாடிகளில் அவர் வலதுகாலால் தரையைத் தட்டுவதைத் தியேட்டர் நர்ஸ்கள் கவனித்தார்கள்.

ஆறு மாதம் முடிந்து இரண்டாம் சுற்று வீடியோ எடுக்கும் நாள் வந்தது. பதிவுக் கருவியைப் பொருத்துவதற்காக ஒருங்கிணைப்பாளர் தொப்பியும் முகமூடியும் போட்டுத் தியேட்டருக்குள் போனாள். நோயாளி அறுபது வயதான தையல்காரர். பலமுறை வலி வந்து, தானே அடங்கிவிடும் என்று தள்ளிப்போட்டவர். உள்ளே கேமரா போனதும் எல்லோருக்கும் புரிந்தது: பித்தப்பை வீங்கி, சிவந்து, சுற்றியிருந்தவற்றோடு ஒட்டிக் கிடந்தது.

மின்னல் டாக்டர் நாற்பது நிமிடம் கொழுப்பை விலக்கினார். ஒரு குழாய் தெரிந்தது. சரியான இடம், சரியான அளவு. எதிரே நின்றவர், “இதுதான் சார்,” என்றார். கிளிப் கருவி கைக்கு வந்தது. அவர் வாங்கினார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

“எனக்குத் தெரியல,” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அங்கே யாரும் கேட்டதில்லை.

“பக்கத்து தியேட்டர்ல யாரு? ஆமையா? கூப்பிடுங்க.”

ஆமை என்பது இன்னொரு சர்ஜன். அவரைவிடப் பதினைந்து வயது இளையவர், நிதானத்துக்குப் பெயர் வாங்கிய பெண். ‘மின்னலும் ஆமையும்’ என்று கேன்டீனில் கேலி பேசுவார்கள். அவர் தன் வேலையை முடித்து, கை கழுவி வருவதற்குப் பதினைந்து நிமிடம் ஆனது. அதுவரை மின்னல் எதையும் தொடவில்லை.

வந்தவர் திரையை உற்றுப் பார்த்தார். “பின்பக்கத்துலேருந்து கொஞ்சம் தொறந்து பாக்கலாமா சார்?”

“பாருங்க. நான் கேமரா புடிக்கறேன்.”

பாதி வழியில் அந்தக் குழாய் திரும்பி மேலே, ஈரலை நோக்கிப் போவது தெரிந்தது. சின்னதே அல்ல, பெரியது. வீக்கம் அதை இழுத்துச் சின்னதன் இடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தது. வெட்டவேண்டியது அதற்குப் பின்னால், சுருண்டு, ஒரு நூல்கண்டுபோல் ஒளிந்திருந்தது. மின்னலின் கையில் இருந்த கேமரா அசையவே இல்லை.

“தேங்க்ஸ்,” என்றார் அவர்.

“நானும் முதல்ல பாத்தப்ப அதுன்னுதான் சார் நெனைச்சேன்,” என்றார் ஆமை.

முடியும்போது ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. வெளியே தையல்காரரின் மகள் சுவரோரம் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அரைமணி நேரம்னு சொன்னாங்களே டாக்டர். ஏன் இவ்வளவு நேரம்? அப்பாவுக்கு ஏதாவது…”

“அப்பா நல்லா இருக்காரு. ஒரு எடத்துல எனக்குச் சரியா தெரியல. அதனால நின்னுட்டேன். இன்னொரு டாக்டரக் கூப்பிட்டேன், அவங்க வந்து பாத்துக் கண்டுபுடிச்சாங்க. அதுக்குத்தான் இவ்வளவு நேரம்.”

அந்தப் பெண்ணுக்கு இதில் நிம்மதி அடைவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. “பெரிய டாக்டர் உங்களுக்கே தெரியலயா?” என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“தெரியல,” என்றார் அவர். “உக்காருங்க, சொல்றேன்.”

சுவரோரம் கிடந்த நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டு, தனக்கும் ஒன்றை இழுத்துப்போட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய மருந்துச் சீட்டை எடுத்துத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் ஈரலையும் இரண்டு குழாய்களையும் மெதுவாக வரைய ஆரம்பித்தார். அடுத்த நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்த படுக்கை, தியேட்டர் வாசலில் காத்திருந்தது.