ஆழ்வார்ப்பேட்டைக்கு அப்பால் நொண்டும் குதிரை

சாந்தோம் குப்பத்தில் பிறந்து வளர்ந்த லாசருக்குக் கடலைக் கண்டு பயம் கிடையாது. குதிரையைக் கண்டால் உண்டு. மிருக வைத்தியக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் வரை இந்த விஷயத்தை எப்படியோ மறைத்துவிட்டான். அங்கே பெரும்பாலும் எலும்புக்கூட்டைக் காட்டித்தான் பாடம் நடக்கும், எலும்புக்கூடு உதைப்பதில்லை. 1938-ஆம் வருஷம் மாணவர்களை ஆளுக்கு ஓர் ஆஸ்பத்திரியாக நேரடிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். லாசருக்கு மயிலாப்பூர் மாட்டாஸ்பத்திரி கிடைத்தது. மாட்டாஸ்பத்திரிக்கு மாடுதானே வரும் என்று நிம்மதியாகப் போனான்.

முதல் நாள் காலையில் வந்தது ஒரு ஜட்கா குதிரை.

டாக்டர் சுப்பராயன் குதிரையைப் பார்த்தார், லாசரைப் பார்த்தார். "பயிற்சி முடியறதுக்குள்ள ஒரு கேஸை நீயே தனியா பார்த்து, என்ன வியாதின்னு எனக்குச் சொல்லணும். அப்பத்தான் பாஸ் போடுவேன். இதையே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்டிக்காரர் வலியுல்லா வியாதியை விவரித்தார்.

"டெய்லி காலைல ஒரு சவாரி சார், மாம்பலத்துக்கு. ஆழ்வார்ப்பேட்டை வரிக்கும் சோக்கா ஓடுது. அப்பால நொண்டுது. காலி வண்டியா திரும்பி வரசொல்லோ நொண்டல."

"எந்தக் காலு?"

"முன்னங்காலு."

லாசர் குதிரையிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றபடி, "இது பேரு இன்னா?" என்று கேட்டான்.

"சுல்தான். கடிக்காது சார், கிட்ட வாங்க."

இடது முன்னங்காலை மெல்லத் தட்டினான். சுல்தான் உடனே காலைத் தூக்கிக் கொடுத்தது. கூடவே தன் முகவாயை அவன் முதுகின்மேல் வைத்து இளைப்பாறிக்கொண்டது. குளம்பில் கல் இல்லை, முள் இல்லை, வீக்கம் இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் ஒத்தடம் கொடுத்து, தைலம் தடவி, பெரிய கட்டாகப் போட்டு, ஒரு வாரம் ஓய்வு என்றான். ஒரு வாரத்தில் சுல்தான் பெருத்தது. வலியுல்லா இளைத்தார். வண்டியில் பூட்டியதும் ஆழ்வார்ப்பேட்டைக்கு அப்பால் பழையபடி நொண்டியது. லாடத்தை மாற்றினான். அதற்கும் மசியவில்லை.

கடைசியில் ஒரு காலை அவனே வண்டியில் ஏறி வலியுல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மாம்பலத்துச் சவாரி ரகுபதி என்ற பெரியவர். ரெவின்யூ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஜீவகாருண்ய சங்கத்து அங்கத்தினர், நல்ல கனம். பனகல் பார்க் அருகே மகளுக்குக் கட்டும் வீட்டை மேற்பார்வை பார்க்கத் தினமும் போகிறவர். அவர் ஏறியதும் வண்டி பின்பக்கமாகச் சாய்ந்தது. "கொஞ்சம் முன்னால வாங்க சாமி" என்றார் வலியுல்லா.

ஆழ்வார்ப்பேட்டை தாண்டியது. சுல்தான் நொண்டியது.

"நிறுத்துப்பா, நிறுத்து. வாயில்லா ஜீவன், என்ன பாடு படறது பாரு." ரகுபதி இறங்கினார். மேல்துண்டு முடிச்சிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து சுல்தானுக்குக் கொடுத்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் மாம்பலம் நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

லாசர் குதிரையின் காலையே பார்த்தான்.

"இன்னிக்கு வலது காலு நொண்டுது. நான் கட்டு போட்டது எடது காலாச்சே?"

"ஆமா சார். ஒரு நாளு இது, ஒரு நாளு அது."

"இத்த ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

மறுநாள் லாசர் டாக்டரிடம் போய், "கேஸ் முடிஞ்சுது சார். குதிரைக்கு ஒண்ணும் இல்ல. நடிக்குது" என்றான்.

"வியாதி புரியலைன்னா புரியலைன்னு சொல்லுப்பா. குதிரைமேல பழி போடாதே."

ஆஸ்பத்திரி வாசலில் சுல்தானை நடத்திக் காட்டச் சொன்னார். அது கல்யாண ஊர்வலக் குதிரை மாதிரி நடந்தது. டாக்டர் லாசரை ஏற இறங்கப் பார்த்தார். லாசர் வலியுல்லாவை அனுப்பி ரகுபதியை வரவழைத்தான்.

பெரியவர் கேட்டுக்குள் காலை வைத்தாரோ இல்லையோ, சுல்தானின் இடது கால் தரையிலிருந்து எழும்பியது.

"ஐயா, கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லுங்க" என்றான் லாசர். ரகுபதி எதிர்ப்பக்கம் போய் நின்றார். சுல்தான் திரும்பி அவரை நோக்கி நொண்டிக்கொண்டே போனது. அவசரத்தில் கால் மாறிவிட்டது. இந்த முறை வலது.

டாக்டர் சுப்பராயன் சிரித்ததை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை. சிரிப்பு அடங்கியதும் லாசரைக் காட்டி, "பாஸ்" என்றார். அப்போதுதான் லாசர் கவனித்தான், குதிரையின் லகானை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது தன் கைதான்.

ரகுபதிக்குச் சிரிப்பு வரவில்லை. "இத்தனை நாளா என்னை ஏமாத்திண்டா இருந்தது?" என்று மட்டும் கேட்டார். நாளையிலிருந்து பார்க் வரை இறங்கப்போவதில்லை, வெல்லமும் கிடையாது என்று அங்கேயே அறிவித்தார்.

அது எப்படி முடிகிறது என்று பார்க்க மறுநாள் லாசரும் கூடப் போனான். ஆழ்வார்ப்பேட்டைக்கு அப்பால் சுல்தான் நொண்டியது. ரகுபதி தெருவோரக் கடைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்சம் நொண்டியது. அவர் இருமிக்கொண்டார். தேனாம்பேட்டையில் சுல்தான் நின்றே விட்டது. கழுத்தைத் திருப்பி, வண்டிக்குள் இருந்தவரைப் பார்த்தது.

"பொய்னு நன்னாத் தெரியறது" என்றார் ரகுபதி, யாரிடம் என்றில்லாமல். "தெரிஞ்சு என்ன பண்றது? இப்படிப் பாத்தா எப்படி ஒக்காந்துண்டிருக்கிறது?"

இறங்கினார். மேல்துண்டு முடிச்சை அவிழ்த்தார். வெல்லம் இருந்தது.

லாசரும் இறங்கி அவர் குடைக்குள் சேர்ந்துகொண்டான். வலியுல்லா மட்டும் இறங்கவில்லை. வண்டியின் நடுவில் நகர்ந்து, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து, ஒரு பீடியைப் பற்றவைத்தார்.