ஆறு புள்ளி மூன்று, பச்சை

கேகாலை ஆஸ்பத்திரியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர், குழிக்குள் பஞ்சைத் திணித்து, ஒரு மணித்தியாலத்துக்கு வாயைத் திறக்கவே கூடாது என்று சிங்களத்தில் சொல்லி ரோசலினை வெளியே அனுப்பினார். அவள் வந்து வாங்கில் உட்கார்ந்தாள். இடது கன்னம் யாருடையதோ போல இருந்தது. தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் நம்பர் கூப்பிடும் நர்ஸின் குரல்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

முதல் நாள் பின்னேரமே வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். அவளுடைய வீடு யட்டியாந்தோட்டைக்கு மேலே ஓர் இறப்பர்த் தோட்டத்தில். தோட்டத்து ஒப்பீஸில்தான் அவளுக்கு வேலை. மலையை வெட்டி இறக்கிய இடத்தில் பதினொரு காம்பராக்களை வரிசையாகக் கட்டிய லயம் அது. ஏழாவது காம்பராவில் அவளும் புருஷன் சாள்ஸும் ஏழு வயது மகள் ஸ்டெபானியும். லயத்துக்குப் பின்னால் நின்று பார்த்தால் மலை தலைக்கு மேல் நிற்கும். மழை நாளில் பால் வெட்டு இல்லை. ஆகவே இந்நேரம் லயத்துச் சனம் முழுக்க வீட்டுக்குள்தான் முடங்கிக் கிடக்கும்.

அவள் போனை எடுத்து #lkwx என்று தேடினாள்.

மாவனல்லையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் றம்ஸான் நடத்துகிற பக்கம் அது. வெளிநாட்டில் வானிலையைப் பின்தொடர்கிறவர்கள் ஊரின் சுருக்கத்தோடு வானிலையைக் குறிக்கும் wx சேர்த்து ஹேஷ்டேக் போடுவார்களாம். அதைப் பார்த்து இவன் நாட்டின் பெயரோடு சேர்த்துக்கொண்டான். மழைமானி உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்தான். ரோசலினுக்கு #யட்டி4. காலையில் இரண்டு டேக், பிறகு நேற்றைய மழை, கண்ணாடிக் குவளையின் படம் ஒன்று. அவ்வளவுதான். மில்லிமீற்றர் என்று எழுத வேண்டியதில்லை, எல்லாரும் அந்தக் கணக்கில்தான் போடுகிறார்கள். பக்கத்தில் உள்ள வரைபடத்தில் அந்த இடத்துப் புள்ளி தானாகவே நிறம் மாறும். எழுபத்தைந்து வரை பச்சை. அதற்கு மேல் மஞ்சள். நூற்றைம்பதைத் தாண்டினால் சிவப்பு. மழை பற்றிக் கொழும்பில் படித்த பெரிய ஆட்களும் இந்தப் புள்ளிகளைப் பார்த்து விளக்கம் எழுதுவார்கள். ஒன்றரை வருடமாக ஒரு நாள் விடாமல் ரோசலின் போட்டு வந்தாள். இன்றைக்கு மட்டும் ஒப்பீஸ் கிளாக்கர் கிருஷ்ணகுமாரிடம் பொறுப்புக் கொடுத்திருந்தாள்.

#யட்டி4 பச்சையாக இருந்தது. 6.3.

ஆறு மில்லிமீற்றர் என்பது தூறல். இங்கே அடிக்கிற மழை அங்கே இல்லை என்று அவள் மூச்சை விட்டாள். மரத்துப்போன வாய் தன்பாட்டில் ஒரு பக்கமாக இளித்தது.

பக்கத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு முறைக்குக் காத்திருந்த ஐம்பது வயதுப் பெண் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "பல்லுப் புடுங்கின ஆள் சிரிக்கிறத இப்பதான் பாக்கிறேன் மகள். அப்பிடி என்ன ஈக்கிது அதுல?"

வாய் திறக்க வழியில்லை. ரோசலின் வரைபடத்தைக் காட்டி, பச்சைப் புள்ளியைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டாள்.

"ஒங்கட வீடா?" அந்தப் பெண் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "சுத்திவர எல்லாம் செவந்து கெடக்குது, நடுவுல ஒங்கட வீடு மட்டும் பச்சையா? மழை ஒங்களுக்கு மட்டும் கொடை புடிச்சிச்சோ?"

ரோசலின் வரைபடத்தை விரலால் பெருப்பித்தாள். தெரணியகலை 171. ருவான்வெல்லை 158. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள தோட்டம் 155. நடுவில் அவளுடைய 6.3.

இவள் போடுகிற எண்ணில் ஒருநாளும் தசமப் புள்ளி வந்ததில்லை. பெருக்கி வருகிற விடையை முழு எண்ணாக்கித்தான் அவள் போடுவாள்.

தோட்டத்து மழைமானி வெள்ளைக்காரக் கொம்பனிக் காலத்துச் சாமான். அதன் குவளையில் அங்குலக் கோடுதான். ஒப்பீஸில் மழைப் புத்தகமும் அங்குலத்தில்தான் எழுதப்படுகிறது, தோட்டத்துரை கேட்பதும் "எத்தனை அங்குலம்?" என்றுதான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் ஆட்கள் பேசுவதும் அப்படியே. ரோசலின் தினமும் புத்தகத்தில் அங்குலத்தை எழுதிவிட்டு, போனில் இருபத்தைந்து புள்ளி நான்கால் பெருக்கி, வந்ததைப் பக்கத்தில் போடுவாள். கிருஷ்ணகுமாருக்கு ஒரு தாளில் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தாள். எந்த டேக் முதலில், எது இரண்டாவது, படம் எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்று வரிசையாக. பெருக்குவதை எழுதவில்லை. கைப்பழக்கமாகிப்போன வேலை, ஒரு வேலையாகவே நினைவுக்கு வரவில்லை.

பெருக்கிப் பார்த்தாள். 160.

புள்ளி பிழையாக இருப்பது வெறும் பிழையாக இருந்தால் பரவாயில்லை. லயமே அந்தப் புள்ளியை நம்பி உட்கார்ந்திருந்தது. அதற்கும் அவள்தான் காரணம். போன வைகாசியில் அவள் றம்ஸானின் பக்கத்தைப் பார்த்து, மண் சரியும் என்று கத்தி, நாற்பத்து மூன்று பேரையும் மேலே பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினாள். இரண்டு நாள் ஈரச் சீமெந்தில் கிடந்தார்கள். ஒரு கல்லும் உருளவில்லை. திரும்பி வந்தபோது சங்கத் தலைவர் இராமசாமியின் இரண்டு ஆடுகளை யாரோ கொண்டுபோயிருந்தார்கள். அதோடு அவளுக்கு 'மழை மேடம்' என்று பெயர் விழுந்தது. சண்டை முற்றி, கடைசியில் கூட்டம் போட்டு ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். யாரும் கத்தக்கூடாது, #யட்டி4 சிவந்தால் எல்லாரும் போவது, சிவக்காவிட்டால் யாரும் அசைவதில்லை. எழுதியது ரோசலின். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து மழை பெய்தால் லயத்தில் யாரும் மலையைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறார்கள்.

அவள் சாள்ஸுக்குப் போன் அடித்தாள். அவன் எடுத்ததும் வாயிலிருந்து வந்தது ஓர் ஊளை. பஞ்சோடு இரத்தம் வழிந்தது.

"கொண்டாங்க, நான் பேசித் தாறேன்," என்றாள் பக்கத்துப் பெண். "எண்ட போன்ல எடுப்பம். நீங்க ஒங்கடதுல எழுதிக் காட்டுங்க. நம்பரச் செல்லுங்க... சரி, சரி, செல்ல ஏலாது. காட்டுங்க."

காட்டினாள்.

"ஹலோ தம்பி, நான் மாவனல்லை ஸுலைஹா. ஒங்கட பொஞ்சாதி பக்கத்துல ஈக்கிறாங்க. பல்லுப் புடுங்கினதால பேச ஏலாது. ஒடனே எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போகட்டாம்."

"ஏங்க? பச்சையாத்தானே இருக்கு. இப்பத்தான் தலைவர் காம்பரா காம்பராவாப் போய்க் காட்டிட்டு வர்றாரு."

ரோசலின் எழுதினாள்: பச்சை பிழை. 6.3 அங்குலம். 160.

ஸுலைஹா வாசித்தாள்.

"ஐயோ," என்றான் சாள்ஸ். "அதானே பாத்தேன். தண்ணிக் கான் ரெண்டும் நெறஞ்சு வாசல்ல ஓடுது, ஆறு மில்லிங்கிறாங்க. சரிங்க, நான் புள்ளையத் தூக்கிட்டுக் கெளம்புறேன். ஆனா மத்தவங்க வரமாட்டாங்க. வேணும்னா தலைவர்கிட்ட நீங்களே பேசிப் பாருங்க."

ரோசலின் 'எல்லாரும்' என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு இழுக்கிறவள் போலத் திரையைக் குத்தினாள்.

இராமசாமியின் குரல் வந்தது. "யாரும்மா நீங்க?"

"ஸுலைஹா. மாவனல்லை."

"மாவனல்லையில இருந்துக்கிட்டு எங்க மலைய எப்பிடிம்மா பாக்கிறீங்க? நாங்க எழுதி வச்சிருக்கோம். செவந்தா போறோம். அந்தப் புள்ளதான் எழுதுச்சு, நான்தான் மொதக் கையெழுத்து. இன்னிக்கு நானே அத ஒடச்சா நாளைக்கு எவன் மதிப்பான்?"

"புள்ளி பிழையாம் ஐயா. கிளாக்கர் மாத்திப் போட்டுட்டாராம்."

"போன தடவையும் இப்பிடித்தான் அவசரம். ரெண்டு ஆடு போச்சு எனக்கு."

"ஆடு போனா வாங்கலாம்!"

"நீங்க வாங்கித் தர்றீங்களா?"

"உசிரோட ஈந்தா வாங்க, தாறேன்!"

"செவக்கட்டும்மா. செவந்தா மொத ஆளு நான்," என்று அவர் வைத்துவிட்டார்.

ஒப்பந்தத்தை எழுதும்போது ஓட்டை இல்லாமல் எழுத வேண்டும் என்றுதான் ரோசலின் பாடுபட்டாள். ஓட்டை இல்லாமல்தான் இருந்தது.

கிருஷ்ணகுமாருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பெரட்டு முடிந்ததும் இறப்பர் ஸ்டோருக்குப் போயிருப்பான். அங்கே நேற்றைய பாலை உருட்டும் மெஷின் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. பிழையை மாற்றப் பக்கத்தில் ஒரு முறை இருந்தது. அதன்படி எழுதினாள்: #lkwx #யட்டி4 #திருத்தம். 6.3 அல்ல, 160. அங்குலத்தை மாற்றாமல் போட்டுவிட்டார்கள்.

புள்ளி அசையவில்லை. முதலில் போட்டவரே திருத்தினால் உடனே மாறும். வேறொருவர் திருத்தினால் றம்ஸான் பார்த்து அனுமதிக்க வேண்டும். வதந்தி பரப்புகிறவர்களுக்குப் பயந்து அவன் வைத்த முறை. நல்ல முறைதான். அவனுக்கு மூன்று மெசேஜ் போட்டாள். பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் போனது.

"எந்த றம்ஸான்?" என்றாள் திரையை எட்டிப் பார்த்த ஸுலைஹா. "பள்ளிவாசலுக்கு முன்னால ஹார்ட்வெயார் வச்சிக்கிறவனா? அட, மொதல்லயே காட்டீக்கலாமே! அவன் எங்கட மூத்தவளோட ஒண்ணாப் படிச்சவன்."

நர்ஸ் ஐம்பத்திரண்டு என்று கூப்பிட்டாள். ஸுலைஹாவின் கையில் இருந்த துண்டும் ஐம்பத்திரண்டுதான். அவள் எழும்பவில்லை.

"மகன் றம்ஸான், ஸுலைஹா மாமி. ஒரு பச்சைய அவசரமாச் செவப்பாக்கணும்."

"வீட்டு கேட்டுக்கா மாமி? மேல எனாமல் ஒரு கோட் அடிச்சா போதும்."

"பெயிண்ட் இல்லடா மடையா! மழை! யட்டி நாலு! ஒரு பொம்பளப் புள்ள இங்க இரத்தம் வடிய ஈக்கிது, நீ எனாமல் செல்றாய்!"

அவன் பக்கத்தைத் திறக்கிற நேரத்தில் கடையில் யாரோ ஆணி விலை கேட்டார்கள். "இப்ப ஆணி இல்ல," என்று அவன் சொன்னது கேட்டது. பிறகு மெதுவாக, "மாமி, அந்தத் தங்கச்சிக்கிட்ட செல்லுங்க, படத்தப் பாத்துட்டேன். குவளையில ஒண்ணாம் நம்பருக்கு மேல கோடே இல்ல. இது அங்குலக் குவளை. ஒண்ணரை வருசமா இந்தப் படம் வருது. நம்பரத்தான் பாத்தீக்கிறேன், குவளையப் பாக்கவே இல்ல."

"பிறகு அழு. இப்ப மாத்து."

"மாத்திட்டேன்."

ரோசலினின் திரையில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. நேரம் பத்து பன்னிரண்டு.

அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை. அதுதான் பொல்லாத நேரம். ஸுலைஹா உள்ளே போகாமல் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்து இருபதுக்குச் சாள்ஸிடமிருந்து ஒரு வரி: *தலைவர் கெளம்பிட்டாரு. டீவியத் தலையில தூக்கிட்டு முன்னுக்குப் போறாரு.* பிறகு முப்பத்தைந்து நிமிடம் ஒன்றுமில்லை. பத்து ஐம்பத்தைந்துக்கு இன்னொன்று: *ஸ்கூல்ல இருக்கோம். 43 பேர்ல நீ மட்டும் இல்ல.*

ரோசலின் அதை ஸுலைஹாவிடம் நீட்டினாள். ஸுலைஹா வாசித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லி, முந்தானையால் அவளுடைய மோவாயில் காய்ந்திருந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டாள். "எண்ட பல்லு நோவு எங்க போனதுண்டே தெரியல்ல," என்றபடி, எட்டுப் பேர் பிந்திப்போன தன் நம்பருக்கு நர்ஸிடம் சண்டை பிடிக்க எழும்பிப் போனாள்.

தோட்டத்துக்குத் திரும்பும் வழியில், ருவான்வெல்லையில் வீதிக்குத் தண்ணீர் ஏறி அவளுடைய பஸ் இரண்டு மணித்தியாலம் நின்றது. அங்கே நிற்கும்போதுதான் சாள்ஸ் கூப்பிட்டான். அவளுக்கு இப்போது ஓரளவு வாய் வந்திருந்தது.

"மண்ணு வந்திருச்சு," என்றான். "ஒண்ணு அஞ்சுக்கு. ரயில் போறாப்ல ஒரு சத்தம். அவ்வளவுதான்."

"எவ்வளவு?"

"ஆறாம் நம்பர்லேர்ந்து அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல."

"நம்மளது ஏழு."

"ஆமா. ஏழு."

பஸ் கண்ணாடியில் நீராவி படிந்திருந்தது. கட்டில், தையல் மெஷின், ஸ்டெபானியின் புது வெள்ளைச் சப்பாத்து என்று அவள் நினைத்துப் பார்த்தாள். அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. நெஞ்சு இலேசாக இருந்தது, வெட்கப்படுகிற அளவுக்கு.

"ஸ்டெபானி என்ன செய்யுது?"

"பசிக்குதுன்னு என் உசிர வாங்குது."

பள்ளிக்கூடத்து ஏற்றத்தில் அவள் ஏறியபோது மணி நான்கு. மழை விட்டிருந்தது. கேட்டடியில் கிருஷ்ணகுமார் நின்றான். இறப்பர் ஸ்டோரிலிருந்து வந்த உடுப்பு, கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நீங்க எழுதித் தந்த மாதிரியேதான் போட்டேன். ஆறு தடவ நெறச்சு ஊத்திட்டு ஏழாவது... பெருக்கணும்னு அதுல இல்லியேக்கா."

"இல்ல. நான் எழுதல. என் பிழைதான் தம்பி," என்றாள். "புதுக் குவளைக்கு இன்னிக்கே துரைக்கு லெட்டர் எழுது. குடுக்காட்டி நானே வாங்குறேன்."

அவன் தலையாட்டினான். அவள் மண்டபத்து வாசலுக்குப் போனாள். உள்ளே ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. சுவரோரத்து இடத்துக்கும், உள்ள ஒரே பிளக்குக்குமான சண்டை. டீவியைக் குத்தினால் பத்துப் போன் சார்ஜ் இல்லாமல் செத்துவிடும் என்று முதலாம் காம்பராக்காரி கத்தினாள். செய்தி பார்க்க வேண்டாமா என்று இராமசாமி அதற்கு மேலே கத்தினார். நாலாம் காம்பராவின் மாமியாரும் மருமகளும் இருப்பது ஒரே பாயில் என்பதையும் மறந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒன்பதாம் காம்பராக் கிழவர் எல்லாரையும் வாயை மூடச் சொல்லி எல்லாரையும்விடச் சத்தமாக ஏசினார். பதினோராம் காம்பராக் கைக்குழந்தை வீரிட்டது.

ரோசலின் உள்ளே போகாமல் வாசற்படியில் நின்று கேட்டாள். ஒவ்வொரு குரலாக ஆளைக் கண்டுபிடித்து, காம்பரா காம்பராவாக எண்ணிக்கொண்டு போனாள். ஆறு, எட்டு, பத்து எல்லாம் இருந்தன. கடைசியாக, தன் பங்கு பிஸ்கட்டை யாரோ தின்றுவிட்டதாக ஸ்டெபானி போட்ட கூச்சல் மற்ற எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.